கிங்ஸ்பரி வீட்டின் குசினி

12 நவம்பர் 2009, வியாழன் இரவு

நாளை காலை நல்ல நேரமாம். அண்ணை கிங்ஸ்பரி வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். நைட் ஷிப்ட் செய்து சேர்த்த காசு முழுவதும் போகும். ஏஜென்ட் இல்லை. வீட்டுக்காரரே இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். உள்ளே வாடகைக்கு ஆட்கள் இருப்பதாகச் சொல்லி இன்னும் வீட்டைக் காட்டவில்லை. படங்கள் மட்டும்தான்.

இன்று அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குசினியில், அடுப்புக்கு மேல் சுவரில், வட்டமான இரண்டு துளைப் பிளக் பொயின்ட். நான் எலக்ட்ரீஷியன். லண்டனில் எல்லாம் மூன்று செவ்வகத் துளைதான்; இங்குள்ள குசினியில் அது இருக்கவே முடியாது. உடனே வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன்.

“அது என்ர பழைய ஜெர்மன் வீடு, தம்பி. இஞ்ச வாடகைக்கு இருக்கிற ஆக்கள் குசினியை நாறடிச்சு வச்சிருக்கினம். வடிவுக்கு அதைப் போட்டனான்,” என்றார், கூச்சமே இல்லாமல்.

அண்ணையிடம் சொன்னேன்.

“மனுசன் உண்மையைச் சொல்லிப்போட்டார்தானே? எங்கட ஊர் ஆள். உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்.”

“பொம்பிளைக்குப் பதிலா தமக்கையின்ர படத்தைக் காட்டினா, தாலி கட்டுவியளோ?”

அவர் நாளைக்குப் போடும் சட்டையை அயர்ன் பண்ணி ஹேங்கரில் கொளுவிவிட்டுப் படுத்துவிட்டார்.

அவருடைய செக் புத்தகம் என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. காலையில் கத்தட்டும்.