நீ வாங்காத நற்கருணை

அக்கா, இன்று காலை பன்னீர் திராட்சையைக் கழுவி அடுப்பில் ஏற்றியதும் வீடெல்லாம் அந்தப் புளிப்பு வாசனை. நாளை கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை ஆராதனை. கோயிலுக்குத் திராட்சரசம் காய்ச்சிக் கொடுக்கும் வேலை உன்னிடமிருந்து என் தலையில் விழுந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இந்த வாசனை வந்தாலே மற்றவர்களுக்குப் பக்தி வருகிறது. எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதிலும் முதல் எரிச்சல் உன் மேல்தான்.

உன் வீட்டுக்காரர், என் மாமா, ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இருந்தார். அது எழுபதுகளின் கடைசி. கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது, இறங்கிப் பார் என்று அவரை அனுப்பியது மேஸ்திரி. உள்ளே இருந்த விஷவாயு அவரை மேலே வர விடவில்லை. போலீஸ் வந்ததும் மேஸ்திரி, குடித்துவிட்டு வந்து தானாகவே விழுந்தான் என்று சொல்லிவிட்டார். சாராயக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன் மாமா. அன்றைக்கும் நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போனவர். ஆனாலும் ஊர் வாயில் நீ குடிகாரன் பெண்டாட்டி ஆனாய்.

மேஸ்திரியும் நம் கோயில்காரர்தான். சில வருடம் கழித்து, பந்தல் போட்டு நடந்த எழுப்புதல் ஜெபக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னேன், அந்தப் பாவத்தை இயேசு சிலுவையில் சுமந்து தீர்த்துவிட்டார் என்று தேம்பித் தேம்பி அழுதார். யாரைப் பற்றி, என்ன பொய் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. பந்தலே அல்லேலூயா சொன்னது. நீ என் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாய்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு சபைப் போதகர் ஐயரைப் பார்க்கப் போனாய். மாமா பெயரைச் சொல்லி, அவர் குடிக்கவில்லை என்று சபை முன்னால் அந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். நம் ஐயர் நல்லவர்தான், ஆனால் சண்டை என்றால் அவருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

"பாவத்துக்கு இயேசு முழுசா பரிகாரம் பண்ணிட்டாரும்மா. அதுக்கு மேல நாம சேர்க்கறதுக்கு இன்னா இருக்குது?" என்றார்.

நீ எழுந்து வந்துவிட்டாய். அந்த மாதத்திலிருந்து நற்கருணை வாங்கப் போவதையும் நிறுத்திவிட்டாய். மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவார். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருப்பாய். ரசம் மட்டும் மாதம் தவறாமல் உன் கையால் காய்ச்சியது. அவர் குடிப்பார், நீ தொடமாட்டாய். உனக்குத்தான் ஏதோ மறைவான பாவம் இருக்கிறதென்று பெண்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷின்காரி என்னிடமே கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் கத்தினேன். தப்புப் பண்ணியவன் ஜோராகப் போகிறான், நீ எதற்குக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். நீ திராட்சையைப் பிசைந்துகொண்டே சொன்னாய்:

"நான் இன்னும் அவனை மன்னிக்கலடி. மன்னிச்ச மாதிரி போய் கை நீட்டுனா அதுவும் பொய்தான்."

அப்படியானால் அவனுக்கும் சேர்த்து ஏன் ரசம் காய்ச்சுகிறாய் என்றேன்.

"ஆண்டவரு அவனுக்கும் சேர்த்துதான் செத்தாரு. அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா உங்க மாமா குடிக்கலன்னு சொல்றதுக்கு ஆண்டவரு எறங்கி வரமாட்டாரு. அதை அவன்தான் சொல்லணும்."

எனக்குக் கோபம்தான் ஜாஸ்தியானது. மன்னித்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் உன்னைத் திட்டுவேன். அடுத்த நிமிடமே, அதெப்படி முடியும் என்று உன் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கடைசியில் ஐயர் அப்பமும் ரசமும் வீட்டுக்கே கொண்டுவந்தார். நீ வேண்டாம் என்று தலையசைத்தாய். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய். வரவேண்டிய ஆள் வரவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து கேட்டருகே மேஸ்திரி என்னை மறித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தங்கச்சி, போறப்ப அக்கா என்னை மன்னிச்சுட்டேன்னு எதுனா சொன்னாங்களா?"

ஆண்டவர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார் என்று பந்தலில் சொன்ன அதே ஆள். கூட்டம் இன்னும் கலையவில்லை.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க மேஸ்திரி. இப்பவாவது சொல்லுங்க," என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் எங்கே பார்த்தாலும் அதையே கேட்பார். நானும் அதையே சொல்வேன். சொல்லாமலேயே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உனக்குப் பதிலாக அவரை மன்னிக்க எனக்கு அதிகாரம் கிடையாது, ஆசையும் கிடையாது. மாமா அன்று குடித்திருக்கவில்லை என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சொந்தக்காரி வேறெப்படிச் சொல்வாள் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மேஸ்திரி சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், அக்கா.