கரும்பலகையில் எழுதிய குற்றம்

சொல்லுக்கு முன்னும் சொல்லுக்குள்ளும் நின்றருளும் பரம்பொருளின் திருவடிகளுக்கு முதல் வணக்கம்.

அனுப்புநர்
பணி ஓய்வு பெற்ற பண்டகக் காப்பாளர்,
(சலவைக்கூடப் பணியாளரின் மாமனார்)
பொது நூலகத்தின் பின்தெரு.

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: மாலை நேர ஆங்கில வகுப்பில் என் மருமகள் எழுதிய இலக்கணப் பயிற்சியைக் குற்ற ஒப்புதலாகக் கொண்டு அவரைப் பணியிடை நீக்கம் செய்ததை இரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மருமகள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை முறைப் பணியாளர். அடிப்படை ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் அங்கு வேலை நிரந்தரமாகும். அதற்காக நூலக வாசக அறையில் நடைபெறும் மாலை வகுப்பில் அவர் சேர்ந்தார். வீட்டில் சும்மா இருப்பதை விட மேல் என்று நானும் சேர்ந்தேன். பதவி உயர்வு வேண்டி அவருடைய மேற்பார்வையாளரும் அதே வகுப்பில், எங்களுக்கு முன்வரிசையில், அமர்ந்து படிக்கிறார். இதைத் தாங்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

2. அவ்வகுப்பில் ஒரு விதி உண்டு. இறந்தகாலம் நடத்திய தொடக்க நாளில், எங்களோடு படிக்கும் முடிதிருத்துபவர் தம் காதை வெட்டிவிட்டதாக, உடன் படிக்கும் தையற்காரர் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். முடிதிருத்துபவர் எழுந்து நின்று, "யோவ், உன் காதை நான் எப்பய்யா வெட்டுனேன்? உன் தலையில இருக்குற முடிக்குக் கத்தரியே தேவைப்படல!" என்று கேட்க, வகுப்பு பாதியில் நின்றது. மறுநாள் ஆசிரியை அம்மையார், "இனிமே இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. வெட்டுனாலும் சரி, உடைச்சாலும் சரி, எல்லாம் 'ஐ'தான், 'நான்'தான்" என்று ஆணையிட்டார். எனக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. நம் அடியார்கள் தம்மையே பாவி என்றும் கடையன் என்றும் பாடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாக்களைப் படித்துவிட்டு எந்தக் காவலரும் அவர்களைத் தேடிப் புறப்பட்டதாக நான் படித்ததில்லை.

3. இவ்விதிப்படி, குறுமுனிவரை நினைத்துக்கொண்டு, "ஐ டிராங்க் தி ஸீ" என்று நான் எழுதினேன். கடலைக் குடித்தேன் என்பது அதன் பொருள். மேற்பார்வையாளர் தாமே நிலவைத் திருடியதாக எழுதிக் கைதட்டலும் பெற்றார். ஆளுக்கொரு வினையாக ஆசிரியை கொடுத்ததில், உடைத்தல் என்னும் வினை என் மருமகளுக்கு வந்தது. அந்த வாரம் சலவைக்கூடத்தின் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால், அதுவே அவர் நினைவுக்கு வந்தது.

4. பலகையின் இடப்பாதியில் அவர், "ஐ புரோக் தி மெஷின்", "ஐ ஹேவ் புரோக்கன் தி மெஷின்", "தி மெஷின் வாஸ் புரோக்கன் பை மீ" என எழுதினார். மூன்றுக்கும் இயந்திரத்தை நான் உடைத்தேன் என்பதே பொருள்; முதலாவது இறந்தகாலம், அடுத்தது முற்றுப்பெற்ற நிகழ்காலம், மூன்றாவது செயப்பாட்டு வினை. வலப்பாதியில் அதையே வினா வாக்கியமாக்கி, பின்னர் "ஐ டிட் நாட் பிரேக் தி மெஷின்" என்று எதிர்மறையும் எழுதினார். மேற்பார்வையாளர் தம் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார். பாடத்துக்காக எடுக்கிறார் என்றே எண்ணினோம். அவர் நிர்வாகத்திடம் கொடுத்த படத்தில் இடப்பாதி மட்டுமே இருந்தது.

5. மறுநாள் வந்த ஆணையில், என் மருமகள் "தம் குற்றத்தை மூன்று முறை, மூன்று விதமாக, மனமுவந்து ஒப்புக்கொண்டுள்ளார்" என்றும், "எனவே பணியிடை நீக்கம் செய்ய முடிவெடுக்கப்பட்டுள்ளது" என்றும் எழுதியிருந்தது. முடிவெடுத்தவர் யார் என்பது அதில் எங்கும் இல்லை. விளக்கம் சொல்லப் போன மருமகளை மேற்பார்வையாளர், "எழுதுனது உன் கைதானேம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஐயா, அந்தக் கைதான். அவ்வியந்திரம் நின்ற பிற்பகலில் அதே கை எங்கள் வீட்டில் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. நான் எதிரே அமர்ந்திருந்தேன். இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "பெல்ட்டு தேஞ்சு நூலாப் போயிருக்கு. மாத்துங்க சார்னு போன மாசமே சொன்னேன்" என்று பலர் அறியச் சொல்லியிருக்கிறார். அவர் 'சார்' என்று அழைத்தது யாரை என்பதைத் தாங்கள் அவரிடமே கேட்டறியலாம்.

6. தேர்வு அடுத்த மாதம். பணியிடை நீக்கத்தில் இருப்பவர் அதை எழுத இயலாது. எழுதாதவருக்கு வேலை இல்லை. என் மகன் இறந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது இந்தப் பெண்ணின் உழைப்பால். இப்போது அவர் வகுப்புக்கு வருவதில்லை. "இனி அந்த 'ஐ'ங்கிற எழுத்தை எழுதவே மாட்டேன் மாமா" என்கிறார். நேற்று சோறு பரிமாறும்போது பேரப்பிள்ளை, "அம்மா, நீ நெஜமாவே உடைச்சியா?" என்று கேட்டது. அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் வயதில் மூத்தவன், நாவடக்கம் பயின்றவன். அந்தக் கணத்தில் எனக்கு வந்த கோபத்தை இம்மனுவில் எழுதும் மொழி எனக்குத் தெரிந்த எந்த இலக்கணத்திலும் இல்லை.

7. ஆகவே, முழுப் பலகையையும் பார்த்த ஆசிரியை அம்மையாரையும் சக மாணவர்களையும் தாங்கள் நேரில் விசாரிக்க வேண்டும். தையற்காரரும் முடிதிருத்துபவரும் ஒன்றாக வரச் சம்மதித்துள்ளனர். தேர்வுக்கு முன் என் மருமகளை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட வேண்டும். ஆணையைப் பிறப்பித்தவர் தம் பெயரை அதில் எழுத வேண்டும்.

8. பலகையில் எழுதியதெல்லாம் ஒப்புதல்தான் என நிர்வாகம் இன்னும் சாதிக்குமானால், நீதி அனைவர்க்கும் ஒன்றாக இருக்கட்டும். கடலைக் குடித்தவன் நான். என் முகவரி மேலே உள்ளது. நிலவைத் திருடியவரின் முகவரி சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் அறை. எங்கள் இருவரையும் முதலில் அழைத்து விசாரித்துவிட்டு, அதன் பின் அந்தப் பெண்ணிடம் வாருங்கள்.

தாங்கள் பேசும் சொல் என்றும் முழுமையாகக் கேட்கப்படுவதாக. தங்கள் இல்லத்தார் உழைப்பு பழியின்றி விளங்குவதாக. தங்கள் பிள்ளைகள் தாயை ஐயுற்றுக் கேட்கும் நாள் ஒருபோதும் வாராதிருப்பதாக.

இடம்: நூலகத்தின் பின்தெரு
நாள்: மார்ச் 14

பணிவும் வருத்தமும் உடைய,
(ஒப்பம்)
மாமனார்