நீலச் சட்டைக்குப் பட்டன் மூடி

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்களா? அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. நீ அனுப்பிய பட்டன் மூடிப் பொட்டலம் வந்து சேர்ந்தது. சாவிக் கடையை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு, டிக்கெட் போடுகிறேன் என்று போனில் அழுதாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் பட்டன் மூடி பட்ட பாட்டைக் கேள். ஒவ்வொன்றும் முத்துப் பதித்து அழகாகத்தான் இருந்தது, எதற்கென்றுதான் விளங்கவில்லை. பின்பக்கம் ஒரு கீல், ஒரு கொக்கி. சாவி வெட்டுகிற வீட்டில் புத்தி வேறு எங்கே போகும்? ஏதோ குட்டிப் பூட்டு என்று நினைத்து அப்பாவின் மெல்லிய கம்பியை விட்டு நெம்பினேன், ஒன்று படக்கென்று உடைந்துவிட்டது. பிறகுதான் பெட்டியின் அடியில் இருந்த படத்தைப் பார்த்தேன். சட்டைக்குப் பட்டன் போட்டபின் அதன்மேல் கவிழ்த்து மூட வேண்டுமாம், துவைக்கும்போது கழற்றிவிட வேண்டுமாம். அப்பா என்னை அவசரக்குடுக்கை என்றது சும்மாவா.

அப்பா போனதிலிருந்து கடையில் அவருடைய நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறேன், பித்தளைத் தூள் தெறிக்கிற வேலைக்கு அதுதான் வசதி. ஆனால் வருகிறவர்கள் சட்டையைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய், துக்கம் விசாரித்துவிட்டு, சாவி வெட்டாமலே போய்விடுகிறார்கள். இப்படியே போனால் கடை என்னத்துக்கு ஆகும்? போதாததற்கு உன் அத்தை, பக்கத்துச் செல்போன் கடைக்காரரைக் கூட்டிவந்து விலை பேச ஆரம்பித்துவிட்டார். மூடிகளை மாட்டிக்கொண்டு நான் கடை திறந்த அன்றும் இருவரும் வந்து நின்றார்கள். "அவன் போயி வருஷம்கூட திரும்பல, அதுக்குள்ள உனக்கு மினுக்கு கேக்குதா" என்று அத்தை கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது, அழுகையும் வந்தது. ஆனாலும் கழற்றவில்லை. "சட்டை அவரோடது அண்ணி, கடையில நிக்கிறது நான்" என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் பெண் சாவியோடு வந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கா, இந்தப் பட்டன் எங்க வாங்குனீங்க, எங்க யூனிபார்முக்குப் போடலாமா" என்றுதான் கேட்டாள். என் மகள் அனுப்பியது என்று பெருமை அடித்துக்கொண்டே சாவியை வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் அவளுடைய தோழிகளும் சாவி வெட்ட வந்தார்கள். செல்போன் கடைக்காரரிடம், கடை விற்பனைக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அத்தை இப்போது என்னோடு பேசுவதில்லை. தானாகச் சரியாகிவிடுவார், நீ நடுவில் புகுந்து சமாதானம் பேசாதே.

ஆகவே டிக்கெட் போடாதே. வர வேண்டியது நீதான், விடுமுறை கிடைத்ததும் வா. உடைந்ததற்குப் பதில் இன்னொரு மூடியும் அனுப்ப வேண்டாம். கடைசிப் பட்டன் மட்டும் மூடாமல் கிடக்கிறது. அது அறுந்தபோது என்னிடம் கொடுக்காமல் அப்பாவே கறுப்பு நூலால் சாக்குத் தைப்பதுபோல் தைத்துக்கொண்டார். அது வெளியே தெரியட்டும்.

உன் வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவர்களிடம் கொடுத்து வை, மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சாவிக் கடைக்காரி