பார்க்குக் கிணற்றுப் பூட்டு

சங்கிலிப்பாளையம்
வெகுதானிய வருஷம், சித்திரை 22, புதன்கிழமை

பம்பாயில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு அம்மா சௌந்திரம் எழுதுவது. அங்கே நீ தேக சுகத்தோடு இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், இந்தத் தடவை முக்கால் சுகம் என்று வைத்துக்கொள், மீதிக் கால் உன் கடுதாசியைப் படித்ததும் போய்விட்டது. கணக்குப்பிள்ளை வீட்டம்மாளிடம் சொல்லி எழுதாமல் நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி. கோபத்தைப் பிறத்தியார் கையால் எழுதினால் பாதி வழியில் ஆறிவிடும், பம்பாய் வேறு ரொம்ப தூரம்.

பஞ்சாயத்து போர்டுக்காரர்களோடு உனக்கு எதற்கு வம்பு, சூப்பர்வைசரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடு, இல்லாவிட்டால் அய்யன் வேலைக்கு ஆபத்து வரும் என்று எழுதியிருக்கிறாய். உன் பெண்டாட்டி விழுந்ததைப் பற்றி ஒரு வரி, உங்கய்யன் வேலையைப் பற்றி ஒரு பக்கம். மில்லில் பஞ்சு பறக்கும் என்று சொல்வாயே, அது காதில் மட்டும்தான் அடைக்கும் என்று நினைத்திருந்தேன், கண்ணிலும் அடைத்துக்கொண்டது போலிருக்கிறது. நான் முன்னே எழுதியதை நீ சரியாகப் படிக்கவில்லை. அதனால் மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

நீ ஐப்பசியில் வந்தபோது பார்த்த பார்க்கு இல்லை இப்போது இருப்பது. மாசிக் கடைசியில் மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு சூப்பர்வைசரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒல்லியான மனுஷன், வெயிலுக்குத் தொப்பி, தொப்பிக்கு வெயில் படாமல் குடை. புல்தரையில் யாராவது கால் வைத்தால் தன் நெஞ்சில் மிதித்த மாதிரி ஓடி வருவார். அதனால் நம் தெருப் பெண்கள் அவருக்குப் புல்லு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள், முதலில் வைத்தது யார் என்று நீ கேட்க வேண்டாம். சித்திரையில் கோடை விளையாட்டு நடத்தப் போகிறோம், எடப்பாடியிலிருந்தும் குமாரபாளையத்திலிருந்தும் பூப்பந்து ஆடுகிறவர்கள் வருகிறார்கள், பிள்ளைகளுக்குச் சாக்கு ஓட்டமும் கயிறு இழுப்பும் உண்டு, பார்க்கு பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும் என்று ஒரே அமர்க்களம். மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தார்கள், பாதை ஓரத்துச் செங்கல்லுக்குக் காவி பூசினார்கள், ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு போட்டார்கள். நல்லதுதான், பிள்ளைகள் ஆடட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர், பந்தடிக்கும் தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும், தொட்டிச் செடிக்குத் தனியாகத் தண்ணீர். இவ்வளவும் எந்தக் கிணற்றிலிருந்து என்று நினைக்கிறாய்.

பார்க்கு வருவதற்கு முன்னால் அது மந்தைக் கிணறு. எந்தக் கோடைக்கும் வற்றாதது இந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். பார்க்கு வந்த பிறகும் விடியற்காலையில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது முதல் தண்ணீர் நம் தெருத் தொட்டிக்கு, அது நிரம்பிய பிறகுதான் செடிக்கு என்று நடந்துகொண்டிருந்தது. புல்லு மாப்பிள்ளை வந்து தொட்டிக்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்தார். வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுப் பெரிய பூட்டாகத் தொங்கவிட்டார். சாயங்காலம் காற்று வாங்கத் திறப்பார்களாம், குடத்தோடு வரக்கூடாதாம். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் கேட்டாள், ஏனுங்க, புல்லும் குடிக்குது, பந்தடிக்கிற தரையும் குடிக்குது, நாங்க மட்டும் என்னங்க பாவம் பண்ணுனோம் என்று. இது பொதுச் சொத்தும்மா, அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்றார். பொது என்றால் யார் யார் என்று நான் கேட்டேன், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்து அந்தக் கணக்கில் புல் இருக்கிறது, நாம் இல்லை. அந்தப் பூட்டின் சாவி யாரிடம் என்றால் தோட்டக்காரரிடம், அதாவது உங்கய்யன் இடுப்பில்.

பிறகு தெருவே ஏரிக்குள் ஊற்றுக்குழி தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பியது. எனக்கு அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். வசந்தாமணியை வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, தாய் இல்லாத பெண், என் பொறுப்பில் இருக்கிறாள். அவள் உன்னை மாதிரி இல்லை, மாமியார் நாக்கு வறண்டு கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கண் அசந்த நேரத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதலில் ஏரிக்குப் போகவில்லை, பார்க்குக் கதவுக்குத்தான் போனாள். ஒரே ஒரு குடம்ங்க மாமா, அத்தைக்கு மேலெல்லாம் கொதிக்குதுங்க என்று கேட்டிருக்கிறாள். உங்கய்யன் கதவுக்கு உட்பக்கம் நின்றுகொண்டு, உத்தரவு இல்லீங்க அம்மிணி, சூப்பர்வைசர் பாத்துட்டு நிக்கிறாரு என்று சொன்னாராம். ஊரான் வீட்டுப் பெண்ணைப் போல இல்லீங்க என்று மரியாதை வேறு. அவள் ஏரிக்கு நடந்தாள். கரையில் கால் வழுக்கி உருண்டுவிட்டாள். கீழ வீட்டு அத்தாயிதான் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். மருத்துவச்சி சாலம்மாள் வயிற்றில் கையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் நான் எப்படி நின்றேன் என்று எழுத எனக்கு அவ்வளவு எழுத்துத் தெரியாது. அப்புறம் அவள், உசுரு ஆடுது சௌந்திரம், ஆனா இனிமேப் பேறு ஆகற வரைக்கும் எந்திரிக்கப்படாது என்றாள். அன்றிலிருந்து வசந்தாமணி பாயோடு கிடக்கிறாள்.

இப்போது சொல், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது. நான் காய்ச்சலோடு எழுந்து பார்க்குக் கதவுக்குப் போனேன், போர்டு பிரசிடெண்ட் முன்னாலேயே, ஏனுங்க சூப்பர்வைசரே, இத்தனை ஆசையா இருந்தா அந்தப் புல்லுக்கு நலுங்கு வெச்சுத் தாலியும் கட்டிருங்க, நாங்க மொய் எழுதறோம் என்றுதான் சொன்னேன். கூட்டம் சிரித்தது, பிரசிடெண்ட் மீசைக்குள் சிரித்தார், அதற்குத்தான் புல்லு மாப்பிள்ளை உங்கய்யன் வேலையைப் பறிப்பேன் என்று குதித்தார். உங்கய்யனிடம் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு போடுகிறேன், குழம்பு ஊற்றுகிறேன், ஒரு வார்த்தை ஊற்றுவதில்லை. வேம்பு என் பெண்டாட்டியை விட இனிக்கும் என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம், செல்லியம்மாள் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. மந்தையைப் போர்டு எடுத்துக்கொண்டதிலிருந்து மாரியாத்தாள் நோன்பித் திருவிழா நின்று கிடந்தது அல்லவா. கம்பத்தை வேறு இடத்தில் நட்டுக்கொள்ளுங்கள் என்று போர்டார் சொல்ல, இடம் மாத்துனா ஆத்தா வரமாட்டா என்று பூசாரி சடையன் சொல்ல, கம்பமும் இல்லை கூத்தும் இல்லை. சென்ற வாரம் பந்தடிக்கிறவர்கள் வந்து பள்ளிக்கூடத்தில் இறங்கிவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு விளையாட கேஸ் லைட்டு மாட்ட உயரமாக ஒரு மரம் வேண்டும் என்று புல்லு மாப்பிள்ளை கேட்டார். காண்டிராக்டர் மல்லசமுத்திரம் பக்கமிருந்து வண்டியில் கொண்டுவந்து போட்டது பச்சை வேப்பமரம், மேலே மூன்று கிளை பிரிந்தது. கிளைக்கு ஒரு லைட்டு மாட்டலாம், ரொம்ப சௌகரியம் என்று அவருக்குச் சந்தோஷம். செவ்வாய்க்கிழமை, பார்க்கு நடுவில், குழி தோண்டி நட்டாயிற்று.

நீ இந்த ஊர்ப் பிள்ளை, ஆத்தாள் கம்பம் என்றால் செவ்வாய்க்கிழமை நடும் மூன்று கிளை வேம்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் கதவு திறந்ததும் ஊஞ்சலாடப் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டு செல்லியம்மாள் உள்ளே போனாள், போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். அக்கா, மூணு கிளை வேம்புங்கக்கா, செவ்வாக்கெழமைங்கக்கா, பழைய கம்பத்து எடத்துலயே நிக்குதுங்கக்கா என்று அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருந்தது. வசந்தாமணி பாயிலிருந்தபடியே, எனக்கு வேண்டாங்கத்தை, எடுத்துட்டுப் போங்க என்றாள். அதில் மஞ்சளைக் கரைத்தேன், நேரே போனேன், மரத்தின் அடியில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டேன். எனக்கு அப்போது பக்தி எவ்வளவு கோபம் எவ்வளவு என்று ஆத்தாளுக்குத்தான் தெரியும், நான் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தெருவே குடத்தோடு வந்துவிட்டது. புல்லு மாப்பிள்ளை கையை விரித்துக்கொண்டு, ஐயையோ இது விளக்கு மரம்மா, விளக்கு மரம்மா என்று சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குள் சடையன் தப்பட்டைக்காரனோடு வந்து மரத்துக்கு வேப்பிலை கட்டிவிட்டார். பிரசிடெண்ட் அதட்டத்தான் வந்தார், வந்து பார்த்தால் அவரைப் பெற்ற அம்மாளே ஈரச்சேலையோடு நிற்கிறாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

கம்பத்துக்குத் தண்ணீர் விட்டாகிவிட்டால் ஊரில் இருப்பவர்கள் கம்பம் எடுக்கும்வரை வெளியூரில் ராத் தங்கக்கூடாதே. பந்தடிக்க வந்த எடப்பாடிப் பையன்களும் குமாரபாளையத்துப் பையன்களும் மாட்டிக்கொண்டார்கள். பிரசிடெண்ட்தான் வரவழைத்தவர், அதனால் அவர் வீட்டில் பந்தி ஓய்வதில்லை. பகலில் பந்தாடுகிறார்கள், பொழுது சாய்ந்தால் கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள், அந்தப் புல்லின் மேலேயே. விடியற்காலையில் பெண்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால் கதவைப் பூட்ட முடியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று சடையன் சொல்லிவிட்டார். ஒரு குடம் ஆத்தாளுக்கு, ஒரு குடம் வீட்டுக்கு.

ஆனாலும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கம்பத்தைப் பிடுங்கியதும் மறுபடி பூட்டு என்று புல்லு மாப்பிள்ளை சொல்லித் திரிகிறார். பிரசிடெண்டிடம் போய்க் கேட்டால், நோன்பி முடியட்டும் அம்மிணி, பாக்கலாம் என்கிறார். அந்தப் பாக்கலாமில்தான் வாய்க்கால் அடைபட்டது, உன் பெண்டாட்டி உருண்டது. நான் சொல்லிவிட்டு வந்தேன், பிடுங்குன கம்பத்தை அந்தக் காலத்துல எங்க உட்டாங்களோ அங்கயேதானுங்க உடப்போறோம், கம்பம் உட்ட கெணத்துக்குப் பூட்டுப் போடற கையி எதுன்னு நானும் பாக்கறனுங்க என்று. அந்தக் காலத்தில் விட்டது இந்த மந்தைக் கிணற்றில்தான், கம்பம் இறங்கிவிட்டால் அது ஆத்தாள் கிணறு. அவர் மீசையைத் தடவிக்கொண்டார், திண்டில் சாய்ந்திருந்த அவர் அம்மாள்தான் உள்ளேயிருந்து, அப்படிச் சொல்லு சௌந்திரம் என்றாள்.

இன்னொன்று. புல்லு மாப்பிள்ளை மரம் நடச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டியது பந்தடிக்கும் தரை ஓரத்தில். குழி தோண்டியது உங்கய்யன். தோண்டியது பழைய கம்பத்து இடத்தில். நேற்று அந்த வட்டத்தைப் பார்த்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. சோறு போடும்போது பேச்சை விட்ட சபதத்தை மறந்து, ஏனுங்க குழியத் தள்ளித் தோண்டுனீங்க என்று கேட்டுவிட்டேன். அங்க அடியில பாறைங்க என்றார், தலையை நிமிர்த்தாமல். மந்தையில் எங்கே தோண்டினாலும் களிமண்தான், பாறையை அவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. அன்று கதவைத் திறந்திருந்தால் இந்தப் பாறைக்கு வேலையே இல்லை, அந்தக் கோபம் எனக்குப் போகாது. ஆனால் இன்னொரு கரண்டி நெய் விட்டேன். வேல போனாப் போவுது, பேரப்புள்ளைக்குத் தண்ணி வேணுமில்ல என்று அவரே சொன்னார். அந்த மனுஷனே இப்படிச் சொல்லும்போது பம்பாயிலிருந்து நீ மன்னிப்புக் கேள் என்று எழுதுகிறாய். இனி அந்த வார்த்தையை எழுதினால் கடுதாசியைப் பிரிக்காமல் அடுப்பில் வைப்பேன்.

மேஸ்திரியிடம் இப்போதே லீவு சொல்லி வை, ஆனி பிறந்ததும் நீ இங்கே இருக்க வேண்டும். வசந்தாமணிக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு, அதில் வேலை, சூப்பர்வைசர், போர்டு என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் அலைந்துவிட்டு வந்ததும் தண்ணீர் குடிக்காதே. ஆத்தாள் உன்னையும் உன் குடும்பத்தையும் குளிர வைக்கட்டும், நீடூழி வாழ்ந்திரு சாமி. செவ்வாய்க்கிழமை கம்பத்தைத் தூக்குகிறவர்களில் முன்னால் நிற்கப்போவது உங்கய்யன்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா சௌந்திரம்