இரைச்சல் நின்ற பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்க முட்டிவலி தேவலையா?

கேசட் சத்தத்தை ஸ்பீக்கருக்குத் தூக்கிக் கொடுக்கிற பழைய வால்வு ப்ரீ-ஆம்ப் ஒண்ணு வாங்கினேன். ஒரே இரைச்சல். லீவு நாள்ல அறையிலேயே பிரிச்சு, கரண்டைச் சேர்த்து வச்சுக்கிற கெபாசிட்டர்களைப் புதுசா மாத்திட்டேன். பிளக்கைப் பிடுங்கினா போதும்னு நினைச்சேன். உள்ளே தங்கியிருந்த கரண்ட் விரலை லேசா பதம் பார்த்துடுச்சு. கையெழுத்து கோணலா இருந்தா பேனாவைத் திட்டுங்க.

இரைச்சல் போனதும் நீங்க பேசி அனுப்பின கேசட்டைத்தான் முதல்ல போட்டேன். "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு இருமுறீங்க. இத்தனை நாள் அது காதுல விழல. நாளைக்கே டாக்டரைப் பாருங்க.

அடுத்த கேசட்ல ரெண்டு பக்கமும் பேசுங்க. பேச ஒண்ணும் இல்லேன்னா, ரெக்கார்டரை ஓடவிட்டு அடுப்பு மேடையில வச்சுட்டு சமையலைப் பாருங்க. எனக்கு அது போதும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்குது.

உங்க மகன்