அப்பா கணக்கில் ஓர் அறை

என் அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முதல் வரியிலேயே பயந்துவிடாதே. மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம்தானே? சின்னவனுக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்று எழுது. போனில் சிரிக்கும்போது அந்த ஓட்டைதான் எனக்குக் கண்ணில் படுகிறது.

போனில் பேசினால் போதாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். இந்த அறையில் நல்ல மேஜை இருக்கிறது, ஹோட்டல் பெயர் அச்சடித்த தாள் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. எல்லாம் இலவசமாம். உன் அப்பா வந்திருந்தால் முதல் வேலையாகப் பேனாவைப் பைக்குள் போட்டிருப்பார்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தேன். வந்து இறங்கியதும் என் அடையாள அட்டையைக் கொடுத்து, அப்பா பெயரில் அறை என்று சொன்னேன். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். "சார் வரலையா மேடம்?" என்று கேட்டாள். சாயங்காலம் வருவார், வேலை இருக்கிறது என்றேன். "சார் எங்க கோல்டு மெம்பர். அவங்க வர்ற வரைக்கும் உங்கள நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி, கடலைப் பார்த்த மூலை அறையைக் கொடுத்தாள். அறையில் இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு குளியல் அங்கி, அப்பா பெயர் எழுதி 'மீண்டும் வருக' என்று ஓர் அட்டை. அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல் நானே நிமிர்த்தியும் வைத்தேன்.

உன்மேல் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. உன் நியாயம் எனக்குப் புரிகிறது. அப்பா போய்விட்டார் என்று தெரிவித்தால் இவர்கள் கணக்கை மூடிவிடுவார்கள், இவர்கள் ஹோட்டல்களில் தங்கித் தங்கி அவர் சேர்த்த அத்தனை பாயிண்டும் காற்றோடு போய்விடும். என் பெயரில் அறை போட்டால் காலைச் சாப்பாடு கிடையாது, கடல் கிடையாது, பின்பக்கத்தில் ஏதோ ஒரு சாதாரண அறை. அவரும் வந்து தங்குவதாகப் போட்டால் எல்லாம் உண்டு. நாலு ராத்திரிக்குப் பாயிண்ட் கொடுத்தால் ஐந்தாவது சும்மா. வாடகை உச்சத்தில் இருக்கும் சீசனில் போட்டால்தான் பாயிண்டுக்கு முழு மதிப்பு. "அப்பா இருந்தா இதத்தாம்மா செஞ்சிருப்பாரு" என்றாய். செய்திருக்க மாட்டார் பாப்பா. அடுத்த வருஷம் வாடகை இன்னும் ஏறும், அப்போது போடலாம் என்றிருப்பார்.

உனக்கு அவருடைய கடைசிப் பத்து வருஷம் அவ்வளவாகத் தெரியாது. நீ கல்யாணமாகிப் போய்விட்டாய். லிஃப்ட் கம்பெனியில் மாசத்துக்கு இருபது நாள் வெளியூர். வேலை நடக்கும் கட்டடத்துக்கு எதிரிலேயே கம்பெனி அறை போட்டுக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். ஊருக்கு அந்தக் கோடியில் இந்த ஹோட்டல்காரர்களின் கிளை இருந்தால் அங்கே போய்த்தான் படுப்பார். ஒரு வருஷக் கடைசியில் கோல்டு மெம்பராக நீடிக்க இரண்டு ராத்திரி குறைகிறது என்று, நம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் இவர்கள் ஹோட்டலிலேயே அறை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தார். வீடு இங்கே, மனிதர் அங்கே. மேல்வீட்டுக்காரி என்னிடம் ஒருமாதிரி இழுத்து இழுத்துப் பேசினாள், வீட்டுக்காரர் சின்ன வீடு வைத்துவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம். ராத்திரிச் சாப்பாட்டை நான்தான் டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எனக்கும் அங்கேயே படுக்க இடம் உண்டு, இரண்டு பேருக்கான அறைதான் என்றார். வீட்டைப் பூட்டாமல் வந்திருக்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். இருந்திருக்கலாம்.

இந்தக் கடலோர ஹோட்டல் படத்தைத் தினமும் போனில் காட்டுவார். "இன்னிக்கு வாடகை ஏறிடுச்சு பாத்தியா" என்று, ஏதோ இவருடைய சொந்தக் கட்டடம் போல சந்தோஷப்படுவார். போகலாமா என்றால் "இப்ப போட்டா நஷ்டம்டி, பொறு" என்பார். நானும் பொறுத்தேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இங்கே முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் அறைக்குப் போன் செய்து, சார் வந்துவிட்டாரா என்றாள். வேலை முடியவில்லை, நாளைக்கு வருவார் என்றேன். மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் பெரியவர் இரண்டு தட்டு, இரண்டு காபிக் கோப்பை வைத்தார். ஒன்றை எடுக்கச் சொன்னதற்கு, "இருக்கட்டும்மா, சார் திடுதிப்புன்னு வந்து நின்னா?" என்றார். சுற்றிலும் ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் இருந்த காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை மென்றேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண் ஒரு தட்டில் சாப்பாடு வைத்து, மூடி போட்டு, அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். சார் பசியோடு வருவார், அந்த நேரத்தில் சமையலறை மூடியிருக்கும் என்று. அவள் டியூட்டியில் இல்லாத வேலை அது. மறுநாளும் கொண்டுவந்தாள். முதல் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்து, பாதியைத் தின்று மீதியைக் கழிப்பறையில் கொட்டினேன். அன்னத்தை அப்படிக் கொட்டியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அறையைத் துடைக்க ஆள் வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் பாயிண்ட் உண்டு என்றாயே, அதனால் மெத்தை விரிப்பையும் நானே தட்டிப் போட்டுக்கொண்டேன். வீட்டில் செய்யும் அதே வேலைக்கு இவ்வளவு தூரம் வண்டி ஏறி வந்திருக்கிறேன் என்று சிரிப்பு வந்தது.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. மூன்றாம் நாள் சாயங்காலம் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு அடி நடந்து போய்விட்டேன். அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன் பாப்பா. நடிக்கவில்லை, நிஜமாகவே நினைத்தேன். யாரோ ஒரு குடும்பம் இறங்கியது. நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு மாசமாக ஒருவழியாக மனசைத் தேற்றி வைத்திருந்தேன். சாயங்காலம் வருவார், நாளைக்கு வருவார் என்று என் வாயாலேயே சொல்லிச் சொல்லி, எனக்கே காதில் ஏறிவிட்டது.

இன்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். கீழே வரச்சொல்லிப் போன் வந்தது. போனால் மானேஜர், அந்தப் பெண், பரிமாறும் பெரியவர், இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். மேஜைமேல் கேக், பக்கத்தில் கண்ணாடி போட்ட சான்றிதழ், அதில் அப்பா பெயர். மானேஜர் சொன்னார், "சார் ஆயுள் மெம்பர் ஆயிட்டாங்க மேடம். இனிமே வருஷா வருஷம் ராத்திரி கணக்கே கிடையாது. ஆயுசுக்கும் கோல்டுதான். சார் வந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." எப்போது ஆனார் என்று கேட்டேன். கடைசியாக வாடகை கொடுத்துத் தங்கிய ராத்திரியோடு எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று சொல்லி, அந்த ஊர் பெயரையும் சொன்னார்.

அது எந்த ராத்திரி என்று உனக்குத் தெரியும். காலையில் அந்த ஹோட்டலில் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டடத்துக்குப் போனவர், லிஃப்ட் குழியில் விழுந்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். பிரிக்காத பெட்டியைத்தான் அவருடைய கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தான். அவர் படுக்காத படுக்கைக்கு ஒரு ராத்திரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தங்கல் எப்படி இருந்தது, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று அவருடைய போனுக்குச் செய்தியும் வந்தது, அதை நான் உனக்குக் காட்டவில்லை.

நான் மானேஜரிடம், அவர் வரமாட்டார் என்றேன். "பரவாயில்ல மேடம், எப்ப வர்றாங்களோ அப்ப எடுத்துக்கலாம்" என்றார். இல்லப்பா, அவர் செத்துப்போய் நாலு மாசமாச்சு என்று சொல்லிவிட்டேன். பெரியவர் கேக்கின் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்துத் துணியால் மூடினார். அந்தப் பெண் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. "சாருக்குன்னு சாப்பாடு எடுத்து வெச்சேனேம்மா. எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமே" என்றாள். அதுவரைக்கும் மேடம் என்றவள் அப்போது அம்மா என்றாள். எனக்கு மானமே போய்விட்டது.

மானேஜர் தன் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, "நான் மேலிடத்துக்கு எழுதினா கணக்கு நின்னுடும், மீதி பாயிண்ட் மொத்தமும் போயிடும். நீங்க சொன்னத நான் கேக்கலன்னு இருந்துடவா?" என்று மெதுவாகக் கேட்டார். வெளியே இருப்பவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், அது தன் பொறுப்பு என்றார். கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும் என்றேன்.

உன்னைத்தான் யோசித்தேன். பள்ளி விடுமுறைக்கு நால்வரும் வருகிறோம், அப்பா பாயிண்டில் இதே கடலோரத்தில் பத்து நாள் எல்லோரும் சேர்ந்து இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறாய். அதை நினைத்துக்கொண்டுதான் நான் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன். அப்பா காரியத்துக்கு நீங்கள் வந்தபோதும் அவர் பாயிண்டில்தான் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் தங்கினீர்கள். ஏசி இல்லாமல் குழந்தைகளுக்குத் தூக்கம் வராது, மாப்பிள்ளைக்கும் கூச்சம், எல்லாம் சரிதான். காலையில் வருவீர்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, கதவைத் தாழ் போட்டு உள்ளே வந்தால் வீட்டில் நான் ஒருத்திதான். அப்போது சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் நீ சங்கடப்படுவாய்.

பாயிண்ட் போனால் அந்தப் பத்து நாளும் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் மானேஜரிடம், எழுதிவிடுப்பா என்றேன். இல்லாவிட்டால் விடுமுறையில் நீங்கள் எல்லோரும் வந்து நிற்கும்போதும் ரிசப்ஷனில் வேறு யாராவது 'சார் எப்போது வருவார்' என்று கேட்பார்கள். சின்னவனும் பக்கத்தில் நிற்பான். அவன் எதிரில் தாத்தா நாளைக்கு வருவார் என்று என்னால் சொல்ல முடியாது.

நாளைக் காலை வரை இங்கே தங்கலாமாம், அதை யாரும் தொட மாட்டார்கள். கடல் ஜன்னலில் தெரிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நான் கீழே இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

அவர் கணக்கு இப்போது உன் போனில்தானே இருக்கிறது, இந்நேரம் அதை மூடிய செய்தி உனக்கு வந்திருக்கும். கேட்காமல் செய்துவிட்டேனே என்று கோபம் வரும். வரட்டும், உன் கோபம் நியாயம்தான். அத்தனை வருஷம் அவர் சேர்த்ததை ஒரு நிமிஷத்தில் தொலைத்தவள் நான். ஆனால் போனில் திட்டாதே பாப்பா. போனில் திட்டினால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நேரில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, உன் ஆத்திரம் தீர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளும் இருந்து திட்டிவிட்டுப் போ. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.

நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா