உங்க வேண்டுதலைப் பாதியில நிறுத்திட்டேன், அப்பா

எங்க லோரிக்கார ராஜாவுக்கு, என் அப்பாவுக்கு,

உங்க வாயாடி மக எழுதுறேன். நீங்க போய் ஏழு மாசம் ஆச்சு. உங்களைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குக்கூட நான் இவ்வளவு ஆடிப்போகல. அன்னைக்காவது வாய்விட்டு அழ முடிஞ்சுது. இப்ப முந்தாநாள் வரைக்கும் ரெண்டு வாரமா அழுகையும் வரல. கிள்ளான் ஆபீஸ்ல யாராவது பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா திடுக்குனு எழுந்து நிக்கிறேன். உங்க மாப்பிள்ளை ரவிகிட்ட கொட்டலாம்னா, அவரும் என்னோட சேர்ந்துதான் அந்தக் காரியத்தைச் செஞ்சாரு. அதான் உங்ககிட்ட வந்திருக்கேன். இது உங்க வேண்டுதல்ல ஆரம்பிச்ச கதை.

பிள்ளைங்க வந்துட்டாங்க, அப்பா. முதல்ல அதைச் சொல்லிடறேன். இலங்கையில மலைப்பக்கத்து அனாதை இல்லத்துல இருந்து அக்காளும் தங்கச்சியுமா ரெண்டு பேர். நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப போன்ல காட்டினேனே, அவங்கதான். பெரியவ தர்ஷினிக்கு ஒன்பது வயசு, சின்னவ சங்கீதாவுக்கு நாலு. ஒருத்தியை மட்டும் எடுத்தா பேப்பர் வேலை சுலபம்னு ஒருத்தர் யோசனை சொன்னப்ப, மூக்குல டியூபோட எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வந்தீங்க. ரெண்டையும் சேர்த்துக் கூட்டிட்டு வா, இல்லாட்டி என் மூஞ்சியில முழிக்காதேன்னீங்க. கூட்டிட்டு வந்துட்டேன். முழிக்கத்தான் நீங்க இல்ல.

பத்துமலை முருகன் கோயில்ல நின்னு நீங்க வேண்டிக்கிட்டதை உங்க தங்கச்சி, என் அத்தை சொன்னாங்க. என் மகளுக்குப் பிள்ளைன்னு ஒண்ணு வந்தா முதல் முடி உனக்குத்தான் முருகான்னு சொன்னீங்களாம். பெத்த பிள்ளையா, எடுத்த பிள்ளையான்னு நீங்க பிரிக்கவே இல்லையாம், 'வந்தா'ன்னு மட்டும்தான் சொன்னீங்களாம். அதைக் கேட்டு நான் அத்தை மடியில விழுந்து அழுதேன். பதினோரு வருஷம் டாக்டர் டாக்டரா அலைஞ்சப்ப நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்க வேண்டியதை அங்க போய்க் கேட்டிருக்கீங்க.

பிள்ளைங்க வந்த கதையைக் கேளுங்க. தர்ஷினி மாதிரி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்ல. நாங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னால எழுந்து போர்வையை மடிச்சு வச்சிருப்பா. தங்கச்சியைக் குளிப்பாட்டி, தலை சீவி, வாயைத் துடைச்சு ஹால்ல கொண்டுவந்து உட்கார வச்சிருப்பா. எது கேட்டாலும் "சரி மிஸ்". அம்மான்னு கூப்பிடச் சொன்னதுக்கும் "சரி மிஸ்"தான். மாசம் ஒரு தடவை வந்து பார்க்கிற வெல்ஃபேர் ஆபீஸ் புவான், அந்த ஆபீசர் அம்மா, இந்த மாதிரி அடக்கமான பிள்ளை கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டு ஆன்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, எப்படிலா இப்படி வளர்க்கிறேன்னு கேட்டாங்க. எனக்குப் பெருமையில தலைகால் புரியல. வந்து மூணு மாசம்தான் ஆச்சு, நான் எங்க வளர்த்தேன்?

ஒன்பது வயசுப் பிள்ளை மூணு மாசத்துல ஒரு தடவைகூட முகத்தைத் தூக்கி வச்சுக்கலன்னா அது ஏன்னு நான் யோசிச்சிருக்கணும். எனக்கு அந்த வயசுல எத்தனை தடவை சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு உங்ககிட்ட முதுகுல வாங்கியிருக்கேன். நான் யோசிக்கல, அப்பா. பிள்ளை நல்ல பிள்ளைன்னு விட்டுட்டேன்.

மொட்டை போட நாள் பார்த்தது அத்தைதான். நீங்க போன துக்கம் ஒரு வருஷம் கழியட்டும்னு ரவி வீட்டுல சொல்லிப் பார்த்தாங்க. கட்டிக்கொடுத்த மகளுக்கு அந்தத் தடை கிடையாதுன்னு உங்க தங்கச்சி ஒரே போடா போட்டுட்டாங்க. எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். நம்ம வீட்டுல பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் பத்துமலையில முடி இறக்கியிருக்கு. இவங்களுக்கும் இறக்கிட்டா இவங்களும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க, அதுக்கப்புறம் எந்தச் சொந்தக்காரனும் வாயைத் திறக்க முடியாதுன்னு நினைச்சேன். முந்தின நாள் தர்ஷினிகிட்ட, நாளைக்குக் கோயில்ல ரெண்டு பேருக்கும் மொட்டை போடப் போறோம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. அப்புறம் சரி மிஸ்னா. ஏன்னு கேட்கல, நானும் விளக்கல. நமக்கு இது தெரிஞ்ச விஷயம்தானே, இதுல விளக்க என்ன இருக்கு?

சனிக்கிழமை காலையில மூணு காரு நிறைய ஆளுங்க. பண்டமாரான்ல இருந்து அத்தை பிள்ளைங்களுக்குப் பட்டுப் பாவாடையோட வந்திருந்தாங்க. முடி இறக்குற அங்கிள் முன்னால தர்ஷினி தானா போய் உட்கார்ந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இடுப்பு வரைக்கும் இருந்த முடி, அப்பா. எல்லாரும் எவ்வளவு சமத்துன்னு கன்னத்தைத் தட்டினாங்க. சின்னவ முறை வந்தப்பதான் தர்ஷினி எழுந்து வந்து அவளை இறுக்கிக் கட்டிக்கிட்டா. தங்கச்சிக்கு வேணாம்னு சொன்னா. கோயில்ல இருந்த நேரம் முழுக்க அவ பேசினது அது ஒண்ணுதான்.

நாங்க சிரிச்சோம். தங்கச்சி முடி மேல எவ்வளவு ஆசைன்னு அத்தை சொல்ல, எல்லாரும் சிரிச்சோம். சங்கீதா கத்துன கத்துல குடிச்ச மைலோவை அந்த அங்கிள் மேலயே வாந்தி எடுத்துட்டா. சரி, சின்னவளுக்கு அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு அத்தை சொன்னாங்க. பெரியவ தலையில சந்தனம் பூசி, போட்டோ எடுத்து, எங்க பிள்ளைன்னு எழுதி சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பினேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில எல்லாரும் இலையில சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்தப்ப மணி மூணு இருக்கும்.

நான் புடவை மாத்திட்டு ஹாலுக்கு வந்தேன். தர்ஷினி கிரில் கதவு பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. இலங்கையில இருந்து வந்தப்ப போட்டிருந்த பழைய கவுன். கால்ல ஷூ. கையில இல்லத்துல குடுத்து அனுப்பின பை. மண்டையில சந்தனம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. சங்கீதா ரூம்ல தூங்கிக்கிட்டிருந்தா. எங்கடா கிளம்பிட்டேன்னு நான் சிரிச்சுக்கிட்டே கேட்டேன். விளையாட்டுன்னு நினைச்சேன்.

"நான் ரெடி, மிஸ். தங்கச்சிக்குதான் மொட்டை போடலையே, அவ இருக்கட்டும். அவ நல்ல பிள்ளை. படுக்கையில ஒண்ணுக்குப் போறதுகூட இப்ப குறைஞ்சிருச்சு. அவளை மட்டும் வச்சுக்கங்க."

எனக்குக் காது அடைச்சுப்போச்சு, அப்பா. என்ன சொல்றான்னு முதல்ல புரியல. ரவி ரூம்ல இருந்து வந்து என்னைப் பார்த்துட்டு, அவளைப் பார்த்துட்டு, அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. அவருதான் மெதுவா ஒவ்வொண்ணா கேட்டு வாங்கினாரு.

அவளுக்கு ஆறு வயசு இருக்கிறப்ப டவுன்ல ஒரு குடும்பம் அவளை எடுத்துட்டுப் போயிருக்கு. சின்னவ கைக்குழந்தை, அவ இல்லத்துலயே இருந்திருக்கா. நாலு மாசம் அந்த வீட்டுல இருந்தாளாம். ஒரு நாள் அந்த வீட்டம்மா, தலையில பேன் இருக்குன்னு மொட்டை அடிச்சு, மறுநாள் காலையில இல்லத்துல கொண்டு விட்டுட்டாங்களாம். ஏன்னு யாரும் சொல்லல. ஒன்பது வயசுப் பிள்ளை அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் கணக்குப் போட்டிருக்கா. மொட்டை போட்டா மறுநாள் அனுப்பிடுவாங்க. நான் முந்தின நாளே வேற சொல்லி வச்சிருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளை அதை நினைச்சுக்கிட்டே படுத்திருந்திருக்கு. காலையில எழுந்து என்கிட்ட பாவாடை கட்டிவிடச் சொல்லி நின்னுச்சு.

நம்ம வீட்டுப் பிள்ளை ஆகட்டும்னு நாம செஞ்சது, நீ எங்களுக்கு வேணாம்னு சொன்ன மாதிரி அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. எத்தனை பேர் நின்னோம் அங்க. ஒருத்தருக்குக்கூடவா அவ முகத்தைப் பார்க்கத் தெரியல?

திங்கட்கிழமை இல்லத்துக்குப் போன் போட்டேன். ஃபைல் என் கையில இருந்துச்சு. இதுவரை எந்தக் குடும்பத்திலும் வளர்க்கப்படவில்லைன்னு அதுல தெளிவா டைப் அடிச்சிருக்கு. அதை நான் வாசிச்சுக் காட்டினேன். அங்க பொறுப்பா இருக்கிறவர் சொன்னது இதுதான். "திரும்பி வந்த பிள்ளைன்னு எழுதினா யாரும் எடுக்க மாட்டாங்க, மேடம். நீங்களே சொல்லுங்க, நீங்க எடுத்திருப்பீங்களா?"

வாய்க்கு வந்தபடி திட்டணும்னுதான் போனை எடுத்தேன். ஃபைலை மூடிட்டேன், அப்பா. எடுத்திருப்பேனா? என்ன குறையோ, ஏன் திருப்பி விட்டாங்களோன்னு நானும் ரெண்டு தடவை யோசிச்சிருக்க மாட்டேனா? அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்கு. நீங்களா இருந்தா ஒரு நொடி யோசிச்சிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நான் நீங்க இல்லையே.

உன்னை எங்கயும் அனுப்ப மாட்டோம்னு நானும் ரவியும் மாத்தி மாத்திச் சொன்னோம். அவ சரி மிஸ்னா. மொட்டைக்குச் சொன்ன அதே சரி. அதுதான் என்னை உயிரோட கொன்னுச்சு. நாங்க சொல்றதை நம்பி அவ சொல்றாளா, இல்ல அதையும் ஒரு உத்தரவா எடுத்துக்கிட்டுச் சொல்றாளான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? முன்னைவிட இன்னும் நல்ல பிள்ளையா ஆயிட்டா. நாங்களும் அவகிட்ட விருந்தாளிகிட்ட பேசுற மாதிரி பேச ஆரம்பிச்சோம். வீட்டுல யாரும் சத்தமாத் தும்மக்கூட இல்ல.

இதுக்கு நடுவுல அத்தை போன் பண்ணி, சின்னவளுக்கு அடுத்த மாசம் நல்ல நாள் இருக்கு, அண்ணன் வாக்கு பாதியில நிக்கக்கூடாதுன்னாங்க. போட முடியாதுன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அழுதாங்க, அழுதுட்டும் சாமிக் குத்தம் ஆயிடும்லான்னு பழையபடி ஆரம்பிச்சாங்க. வாழ்க்கையில முதல் தடவையா உங்க தங்கச்சி பேசிக்கிட்டிருக்கிறப்பவே போனை வச்சுட்டேன். பாவம், அவங்க மேல தப்பில்ல. நாளைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுறேன்.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை. மத்தியானம் நான் மீன் குழம்பு தாளிச்சுக்கிட்டிருக்கேன், ஹால்ல பளார்னு ஒரு சத்தம், பின்னாலயே சங்கீதாவோட அலறல். ஓடிப் போய்ப் பார்த்தா தர்ஷினி அவளை அடிச்சிருக்கா. கலர் பென்சில் தகராறு. நான் யோசிக்கவே இல்ல. கரண்டியும் கையுமா நின்னு, "ஏய் எருமை, சின்னப் பிள்ளையை எதுக்குடி அடிக்கிற? கை ரொம்ப நீளுதோ?"ன்னு கத்திட்டேன். அப்படியே உங்க குரல், அப்பா. கப்பல் போர்ட்ல இருந்து லோரியைக் கொண்டுவந்து நிறுத்திட்டு, படியேறும்போதே ஆரம்பிப்பீங்களே, அதே குரல்.

கத்தி முடிச்சதும்தான் எனக்கு உறைச்சுது. அவ முகம் வெளுத்துப்போச்சு. திரும்பி ரூம் பக்கம் ஒரு அடி வச்சா. எதுக்குப் போறான்னு எனக்குத் தெரியும், அந்தப் பையை எடுக்கத்தான். கட்டிப்பிடிக்கவா, மன்னிப்புக் கேட்கவா, அனுப்ப மாட்டேன்னு இன்னொரு தடவை சத்தியம் பண்ணவா? அதெல்லாம் சொல்லிச் சொல்லி என்ன ஆச்சு? நான் நிறுத்தாம திட்டினேன். எங்க போற, வந்து கையைக் கழுவு, குழம்பு ஆறுது, பென்சிலை எல்லாம் யார் பொறுக்குவா, உங்க தாத்தாவா வந்து பொறுக்குவாருன்னு திட்டிக்கிட்டே ரெண்டு தட்டுலயும் சோத்தைப் போட்டேன். அவ வந்து உட்கார்ந்தா. திட்டிக்கிட்டே முள்ளை எடுத்து மீனை வச்சேன். என் வாயையே பார்த்துக்கிட்டு ஒவ்வொரு வாயா சாப்பிட்டா.

பாதித் தட்டு ஆனதும் மெதுவாக் கேட்டா. "திட்டி முடிச்சுட்டீங்களா, மிஸ்?"

"இன்னும் இல்ல. நாளைக்கும் இருக்கு"ன்னேன்.

சோத்தைப் பிசைஞ்சு இன்னொரு வாய் வச்சா. அப்புறம் தங்கச்சி பக்கம் தாடையைக் காட்டி, "அப்ப நாளைக்கு அவளையும் திட்டுங்க. அவதான் முதல்ல கிள்ளினா"ன்னா.

நான் சமையல்கட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், அப்பா. ரெண்டு வாரமா வராதது எல்லாம் வந்துச்சு.

இந்த ரெண்டு பேர்ல ஒருத்தி தலையிலயும் அவங்களாக் கேட்காம இனிமே கத்தி படாது. உங்க வாக்கு பாதியில நிக்கட்டும், உங்க முருகன்கிட்ட நீங்களே பேசிக்கங்க. இது நான் உங்களுக்குத் தர்ற வாக்கு. கோபம் வந்தா அங்க இருந்தே நல்லாத் திட்டுங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்.

உங்க மக,
அந்த ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு மிஸ்,
ஜெயா